முன் சஸ்பென்ஷனும் முதல் 60 அடியும்: வாசகர் கேள்வி பதில்

டிராக் ரேஸ், அதாவது நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு நேர்கோட்டில் ஓடும் பந்தயத்துக்கான காரின் முன்பகுதியைப் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பின் டயருக்கும் பின் ஆக்ஸிலுக்கும் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட முன் ஷாக் அப்சார்பர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. அதனால் சில பதில்கள் வழக்கத்தைவிட நீண்டுவிட்டன. தனியாகக் குறிப்பிட்ட இடத்தைத் தவிர, மற்ற எல்லாப் பதில்களும் பின்சக்கரத்தால் இயங்கும் கார்களுக்கு உரியவை.

கேள்வி: முன்பக்கம் மென்மையான ஸ்பிரிங் போட்டால் புறப்படும்போது எடை நன்றாகப் பின்னால் போகும் என்று சொன்னார்கள். போட்டேன். ஆனால் 60 அடி நேரம் (புறப்பட்டு முதல் 60 அடியைக் கடக்க ஆகும் நேரம்) முன்பிருந்தபடியேதான் இருக்கிறது. ஏன்?

பதில்: எடை பின்னால் போவதை முதலில் கணக்காகப் பார்த்துவிடுவோம். பின் டயர்களுக்குக் கூடுதலாகச் சேரும் பளுவை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கார் எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் (வீல்பேஸ்) எவ்வளவு. 1,400 கிலோ எடையுள்ள கார், ஈர்ப்பு மையம் 50 சென்டிமீட்டர் உயரத்தில், வீல்பேஸ் 270 சென்டிமீட்டர், முடுக்கம் ஒரு ஜி என்று வைத்துக்கொண்டால், முன்னாலிருந்து பின்னால் செல்லும் பளு ஏறத்தாழ 259 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்குக்கும் இடமில்லை, ஷாக்குக்கும் இடமில்லை. மூக்கு நன்றாக எழும்பி ஈர்ப்பு மையம் 3 சென்டிமீட்டர் உயர்ந்தால்கூட அந்தப் பளு 275 கிலோ ஆகுமே தவிர, அதற்கு மேல் போகாது.

அப்படியானால் மென்மையான ஸ்பிரிங்கால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அது செய்கிற வேலை முழுக்க முழுக்க முதல் ஓரிரு விநாடிகளில், பளு எப்போது, எவ்வளவு சீராகப் பின் டயரை வந்தடைகிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரு முன் சக்கரத்தின் மேல் 350 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்றும், ஸ்பிரிங் நேராகச் சக்கரத்தின் மேலேயே நிற்கிறது என்றும் கொள்வோம். மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் வலுவுள்ள ஸ்பிரிங் அந்த எடையில் 98 மில்லிமீட்டர் அமுங்கும். 26 நியூட்டன் ஸ்பிரிங் 132 மில்லிமீட்டர் அமுங்கும். அதாவது மென்மையான ஸ்பிரிங், அதே எடையைத் தாங்கி நிற்கும்போதே, கூடுதலான ஆற்றலைத் தனக்குள் சேர்த்து வைத்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் மூக்கை மேலே தள்ளுவது அந்த ஆற்றல்தான். மூக்கு அப்படி விரைவு பெற்று எழும்பும் நேரம் வரை பின் டயருக்கு மேற்சொன்ன கணக்கைவிடச் சற்றுக் கூடுதலான பளு கிடைக்கிறது. அந்த எழுச்சி திடீரென்று தடைபட்டால் அதே அளவுக்குப் பளு குறைந்தும் போகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

இனி உங்கள் காருக்கு வருவோம். ஸ்பிரிங்கை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள், ஷாக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழைய ஷாக் விரியும்போது கொடுக்கும் தடை, அதாவது ரீபவுண்ட், கடுமையாக இருந்தால் ஸ்பிரிங் எவ்வளவு ஆற்றலைச் சேர்த்து வைத்திருந்தாலும் அது வெளிப்பட வழியில்லை. இரண்டாவதாக, புதிய ஸ்பிரிங் பழையதன் நீளத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மென்மையான ஸ்பிரிங் அதே நீளத்தில் இருந்தால் காரின் மூக்கு தாழ்ந்து, பம்ப் ஸ்டாப்பின் (சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பின்) மேல் உட்கார்ந்துவிடும். நிற்கும் உயரம் மாறாமல் இருக்க, மென்மையான ஸ்பிரிங் நீளமாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை: சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் முனையிலுள்ள புஷ்களின் உராய்வு. ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றிவிட்டு, கீழ் ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சீராக இறங்கி ஏற வேண்டும்; நடுவில் எங்காவது பிடித்தாலோ, கையை எடுத்ததும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தானாகவே திரும்பி வந்தாலோ, அந்த ரப்பர் புஷ் தானே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது என்று பொருள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் புஷ் போல்ட்டை இறுக்கியிருந்தால் இப்படித்தான் நடக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, காரைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, அந்த உயரத்தில் மீண்டும் இறுக்குங்கள். பிறகு முன் பம்பரைக் கையால் தூக்கி மெல்ல விடுங்கள், தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; அடுத்து அமுக்கி மெல்ல விட்டு மறுபடியும் அளவெடுங்கள். இரண்டு அளவுகளுக்கும் இடையே 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உராய்வு இன்னும் தீரவில்லை. உராய்வு தீராதவரை ஷாக்கின் தடையை மாற்றும் குமிழை எத்தனை கிளிக் திருப்பினாலும் உங்களுக்குக் கிடைக்கும் விடை நம்பத்தக்கதாக இருக்காது.

கேள்வி: 90/10 ஷாக் என்கிறார்களே, அது என்ன? கிளிக் வைத்த விலையுயர்ந்த ஷாக்குகள் இல்லாமல் அதை வைத்தே ஓட்டலாமா?

பதில்: ஷாக்கின் மொத்தத் தடையில் 90 பங்கு அமுங்கும்போதும் 10 பங்கு விரியும்போதும் கிடைக்கிறது என்பதே அந்த எண்களின் பொருள். புறப்படும்போது மூக்கைத் தடையின்றி எழும்ப விட்டு, எழும்பிய மூக்கு சட்டென்று கீழே விழாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக உருவானது அது. நடுத்தரமான சக்தியும் பக்கச்சுவர் மடங்கிக்கொடுக்கும் ஸ்லிக் (கோடுகளற்ற பந்தய) டயரும் உள்ள காருக்கு இன்றும் அது பயன்படும்.

அதன் குறை என்னவென்றால், மூக்கு எழும்பும் வேகத்தின் மேல் உங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இருப்பதில்லை. சக்தி கூடக்கூட முன்பகுதி கணநேரத்தில் முழுவதும் விரிந்து, எல்லையில் இடித்து நின்றுவிடுகிறது. சாலையிலும் ஓடும் கார் என்றால் நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். விரியும்போது தடையில்லாத ஷாக், மேடு பள்ளத்தில் சக்கரத்தை அடக்கி வைக்காது.

இரண்டு குமிழ்கள் உள்ள ஷாக்கில் ரீபவுண்டையும் அமுங்கும் தடையான கம்ப்ரஷனையும் தனித்தனியே மாற்றலாம். ஒரே குமிழ் உள்ளவற்றில் சில ரீபவுண்டை மட்டும் மாற்றும், சில இரண்டையும் சேர்த்தே மாற்றும். வாங்கும் முன் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஷாக் தரும் தடை, பிஸ்டன் நகரும் வேகத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு கிளிக்கும் எந்த வேகத்தில் எவ்வளவு தடை தருகிறது என்று காட்டும் டைனோ (சோதனைக் கருவி) வரைபடத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குவது நல்லது. இடது ஷாக்கும் வலது ஷாக்கும் ஒரே கிளிக்கில் ஒரே தடையைத் தருகின்றனவா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: புறப்பட்ட உடனே டயர் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் கார் தன் நீளத்துக்கு நகர்வதற்குள் பின் டயர் சுழன்றுவிடுகிறது. பின் ஷாக்கில் எல்லா அமைப்பையும் முயன்றுவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில்: முன்பகுதியைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி, முன் சஸ்பென்ஷன் அதன் எல்லை வரை வேகமாக விரிந்து இடித்து நிற்கும் காருக்கே உரியது. மூக்கு மேலேறிக்கொண்டிருந்தவரை பின் டயருக்குப் பளு தாராளமாகக் கிடைத்தது. ஷாக் முழு நீளத்துக்கு விரிந்ததும் அந்த எழுச்சி ஒரே கணத்தில் நின்று, தொங்கிய முன் சக்கரங்களையும் மேலே இழுக்கிறது. பின் டயர் மேலிருந்த பளு அந்தக் கணத்தில் குறைகிறது, அதுவரை மடங்கியிருந்த பக்கச்சுவர் நிமிர்கிறது, டயர் பிடியை விடுகிறது.

இதை உறுதி செய்துகொள்ள ஒரு கைப்பேசி போதும். விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் வசதியை இயக்கி, தடுப்புச் சுவருக்குப் பின்னால் பாதுகாப்பான இடத்தில், முன் சக்கரத்தின் அச்சு உயரத்துக்குத் தாழ்வாக வைத்துப் பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். முன் ஃபெண்டரில் சக்கர மையத்துக்கு நேர் மேலே வெள்ளை டேப்பால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையே ஏறத்தாழ 4 மில்லிவிநாடி என்பதால், மூக்கு எழத் தொடங்கியதிலிருந்து சக்கரத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி கூடுவது நிற்கும் வரை எத்தனை படங்கள் என்று எண்ணினாலே விரியும் நேரம் கிடைத்துவிடும். அந்த எல்லையைத் தொட்ட அடுத்த சில படங்களில் பின் டயரின் பக்கச்சுவர் சுருக்கம் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் நோய் தெரிந்துவிட்டது.

பலரும் ஷாக் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தையோ ஜிப் டையையோ மாட்டி அளவெடுக்கிறார்கள். அந்த வளையத்தை ஷாக்கின் உடல் தள்ளுவது அமுங்கும்போது மட்டுமே. விரியும் அளவை அது காட்டாது. அது காட்டுகிற அமுங்கலும், ஓட்டத்தின் முடிவில் பிரேக் பிடித்தபோது ஏற்பட்டதாக இருக்கலாம். எனவே புறப்பாட்டை ஆராய அதை நம்ப வேண்டாம்.

திருத்தும் முறை இது. முதலில் இரு பக்கக் குமிழ்களையும் முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த பக்கத்திலிருந்து எண்ணினால் ஷாக்குக்கு ஷாக் கணக்கு மாறக்கூடும். டயர் காற்றழுத்தம், பர்ன் அவுட் (டயரை நின்றபடி சுழற்றிச் சூடேற்றுவது) செய்யும் நேரம், புறப்படும் ஆர்பிஎம் ஆகிய மூன்றையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, ரீபவுண்டை இருபுறமும் இரண்டிரண்டு கிளிக்காக இறுக்கி ஓட்டுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். டயர் சுழல்வது தள்ளிப்போய்ப் பின் மறையும். 60 அடி நேரம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் மீண்டும் கூடத் தொடங்கும். அங்கிருந்து ஒன்றிரண்டு கிளிக் பின்வாங்கினால் உங்கள் இடம் அதுதான். அளவுக்கு மீறி இறுக்கினால் அறிகுறி மாறும்: டயர் பிடித்துப் பின் சுழல்வதற்குப் பதிலாக, புறப்பட்ட கணத்திலேயே சுழலும்.

குமிழ் முழுவதும் மூடிய பிறகும் முன்பகுதி எல்லையில் இடிக்கிறது என்றால், அந்த ஷாக்கின் தடை உங்கள் காரின் சக்திக்குப் போதவில்லை. தடை கூடிய ஷாக் வரும்வரை, விரியும் தூரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அப்படிக் குறைப்பதற்கு ஷாக்கையே எல்லையாகப் பயன்படுத்த வேண்டாம்; ஒவ்வொரு புறப்பாட்டிலும் தண்டின் திருகும் பிஸ்டனும் அந்த அடியை வாங்கிக்கொண்டிருக்கும். ஆர்முக்கும் சேஸிஸுக்கும் இடையே வலுவான பட்டை கட்டி நிறுத்துவதே முறை. தூரம் குறைந்தால் இடிக்கும் வேகமும் குறைகிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கம்ப்ரஷன். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது மூக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். தொப்பென்று விழுந்து மீண்டும் எழும்பினால் கம்ப்ரஷனைக் கூட்டுங்கள். கீழே வந்த சக்கரம் தரையில் பந்துபோலக் குதித்தால் குறையுங்கள்.

கேள்வி: ஸ்லிக்கிலிருந்து டிராக் ரேடியலுக்கு (ரேடியல் வகைப் பந்தய டயருக்கு) மாறப் போகிறேன். முன்பகுதியிலும் மாற்றம் தேவையா?

பதில்: நிச்சயம் தேவை. ஸ்லிக் டயரின் பக்கச்சுவர் மடங்கி, புறப்பாட்டின் முதல் அடியைத் தானே உள்வாங்கிக்கொள்கிறது. சற்றுச் சுழன்றாலும் அது மீண்டும் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ரேடியல் ஒருமுறை பிடியை விட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் பெரும்பாலும் திரும்பப் பிடிக்காது. ஆகவே பளு விரைவாக வந்து, வந்தபின் ஏற்ற இறக்கமில்லாமல் நிலைத்திருப்பது ரேடியலுக்கு மிகவும் அவசியம். முன்பகுதி விரியும் தூரத்தைக் குறைத்து, ரீபவுண்டைக் கூட்டித் தொடங்குங்கள். முன்பகுதி இறுக்கமாக இருந்தால் பளு பின்னால் போகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. முதல் பதிலில் உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள், இறுக்கமான காரிலும் அந்தப் பளு அவ்வளவும் போகத்தான் செய்கிறது, இன்னும் சொல்லப்போனால் உடனடியாகவே போகிறது.

கேள்வி: புறப்படும்போது இடது முன் மூலை உயரே எழும்புகிறது, கார் வலப்பக்கம் ஒதுங்குகிறது. முன் ஆன்டி ரோல் பாரைக் (இடது வலது சக்கரங்களை இணைத்து உடல் சாய்வதைத் தடுக்கும் கம்பியை) கழற்றிவிடச் சொல்கிறார்கள். கழற்றலாமா?

பதில்: கழற்றுவதற்கு முன் அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. எஞ்சின் நீளவாக்கில் அமைந்து, பின்னால் ஒரே துண்டான ஆக்ஸில் உள்ள கார்களில், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆக்ஸிலை முறுக்குகிறது. அதனால் வலது பின் டயர் மேலே தூக்கப்படுகிறது, இடது பின் டயர் கீழே அமுக்கப்படுகிறது. அதற்கு எதிர்வினையாகக் காரின் உடல் வலப்பக்கம் சாய்கிறது; இடது முன் மூலை எழும்புவதை நீங்கள் காண்பது இதனால்தான். சாய்ந்த உடல், ஸ்பிரிங்குகளின் வழியே வலது பக்கத்தை அமுக்குகிறது. இந்த அமுக்கம் முழுவதும் பின் ஆக்ஸிலுக்கே வந்தால், ஆக்ஸிலின் முறுக்கு அப்படியே ஈடுகட்டப்பட்டு இரண்டு பின் டயர்களும் சமமான பளுவைப் பெறும். ஆனால் முன்பக்கம் ஆன்டி ரோல் பார் இருந்தால் அந்த அமுக்கத்தில் ஒரு பங்கை அது முன் சக்கரங்களுக்கு எடுத்துக்கொண்டுவிடும். அந்தப் பங்கு பின்னால் குறைவதால்தான் வலது பின் டயர் இலேசாக நிற்கிறது, இடது டயர் அதிகமாகத் தள்ளுகிறது, கார் வலப்பக்கம் போகிறது.

ஆகவே களத்தில் மட்டும் ஓடும் காரில் முன் பாரைக் கழற்றிவிட்டு, பின் ஆக்ஸிலில் கடினமான ஆன்டி ரோல் பார் பொருத்துவது சரியான வழி. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். முன் பாரை மட்டும் கழற்றினால், மென்மையான ஸ்பிரிங்குகளோடு கார் தாறுமாறாகச் சாயும். பின் பாரின் இணைப்புகளை, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது, இருபுறமும் எந்த இழுவிசையும் இல்லாத நிலையில் பொருத்துங்கள்.

சாலையிலும் ஓட்டுவதென்றால் முன் பாரைக் கழற்றவே வேண்டாம். திருப்பத்தில் முன்பக்கப் பார் இல்லாமல், பின்பக்கம் மட்டும் கடினமாக உள்ள கார், பின்பகுதி வழுக்கிச் சுழன்றுவிடக்கூடியது. களத்துக்குப் போனதும் இணைப்பின் ஒரு முனையை மட்டும் கழற்றிக் கட்டி வைத்து, திரும்பும் முன் மாட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: பாதி தூரத்துக்கு மேல் ஸ்டீயரிங் இலேசாகி, கார் அலைகிறது. அலைன்மென்ட் செய்த இடத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பதில்: அவர்கள் கார் நிற்கும் உயரத்தில் அளந்திருப்பார்கள், உங்கள் கார் ஓடுவதோ மூக்கு எழும்பிய உயரத்தில். சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் கன்ட்ரோல் ஆர்மும் வெவ்வேறு வட்டப்பாதையில் நகர்ந்தால், மூக்கு ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரங்கள் தாமாகவே உள்ளும் புறமும் திரும்பும். இதைத்தான் பம்ப் ஸ்டீர் என்கிறோம். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திக் கட்டி, ஆர்மை ஜாக்கில் ஏற்றி இறக்கி, நிற்கும் உயரத்திலும், அதிலிருந்து 50 மில்லிமீட்டர் விரிந்த நிலையிலும், 25 மில்லிமீட்டர் அமுங்கிய நிலையிலும் டோவை (முன் சக்கரங்கள் உள்ளோ புறமோ திரும்பியிருக்கும் அளவை) அளந்து பாருங்கள். இந்த மூன்றுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் டை ராடின் வெளிமுனை உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 6 முதல் 8 டிகிரி வரை இருந்தால் கார் தானாக நேர்கோட்டில் போகும். தொழிற்சாலையில் வைத்த அளவு பல கார்களில் இதைவிடக் குறைவாக இருக்கும். டோ, முன்பக்கம் சற்றுக் குவிந்தபடி ஒன்றரை முதல் 3 மில்லிமீட்டர் வரை. உருளும்போது ஏற்படும் தடை முன் சக்கரங்களை வெளிப்பக்கம் தள்ளும் என்பதால் இந்தக் குவிவு தேவைப்படுகிறது. கேம்பரைப் (சக்கரம் செங்குத்திலிருந்து பக்கவாட்டில் சாயும் கோணத்தை) பூஜ்யத்துக்கு அருகில் வைத்தால் போதும்.

இன்னொன்றையும் சோதியுங்கள். கம்ப்ரஷன் மிகவும் இறுக்கமாக இருந்தால் எழும்பிய மூக்கு இறங்கவே இறங்காது. அதன் கீழே புகும் காற்று முன் சக்கரங்களின் பளுவை மேலும் குறைக்கும். ஸ்டீயரிங் இலேசாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அலையத் தொடங்கிய ஓட்டத்தை முடித்தே தீர வேண்டும் என்று நினைக்காமல் காலை எடுத்துவிடுங்கள். காரணம் தெரியும்வரை அந்தக் காரை முழு வேகத்தில் ஓட்டக் கூடாது.

கேள்வி: என் காரின் முன் சக்கரங்கள் நன்றாக உயரே எழும்புகின்றன. அதைக் குறைத்தால் நேரம் குறையுமா?

பதில்: பெரும்பாலும் குறையும். முன் சக்கரங்கள் தரையை விட்ட கணத்திலேயே காரின் எடை முழுவதும் பின் டயர்களுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் எழும்பும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் காரை முன்னே தள்ளியிருக்க வேண்டிய ஆற்றலில் கழிவது. சக்கரங்கள் தரையை உரசியும் உரசாமலும் செல்வதே எனக்குப் பிடித்த நிலை. ரீபவுண்டைக் கூட்டியும் விரியும் தூரத்தைக் குறைத்தும் அடங்காவிட்டால் வீலி பார் (பின்னால் நீட்டி, மூக்கு அளவுக்கு மீறி எழாமல் தடுக்கும் சட்டம்) வையுங்கள். இதுவரை எழும்பி விழுந்த காரின் பால் ஜாயின்ட், கீழ் ஆர்ம், ஆயில் பேன் ஆகியவற்றை அடுத்த ஓட்டத்துக்கு முன் விரிசலுக்காகப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டிராக் ரேஸின் மிக வேகமான பிரிவான டாப் ஃப்யூல் கார்களில் சஸ்பென்ஷனே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் நாம் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?

பதில்: உண்மைதான், அவற்றில் முன்னும் பின்னும் ஸ்பிரிங்கோ ஷாக்கோ இல்லை. 300 அங்குலம், அதாவது ஏழரை மீட்டருக்கு மேல் நீளும் வீல்பேஸ் கொண்ட குழாய்ச் சேஸிஸ் வளைந்துகொடுப்பதும், பெரிய பின் ஸ்லிக்குகளின் பக்கச்சுவர் மடங்குவதுமே அங்கே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கின்றன. சக்தி டயருக்குப் போகும் வேகத்தைப் படிப்படியாக இறுகும் கிளட்ச் கட்டுப்படுத்துகிறது. 2008 முதல் அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ போட்டிகளில் 1,000 அடி மட்டுமே ஓடும் அந்தக் கார்களின் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், பின் டயர்களை ஒட்டி இருக்கிறது. நம் காரிலோ எஞ்சின் முன்னால், வீல்பேஸ் அதில் பாதிகூட இல்லை.

கேள்வி: முன்சக்கர இயக்கக் காருக்கும் இதே அமைப்புகள்தானா?

பதில்: ஏறத்தாழ எல்லாமே தலைகீழ். பளு பின்னால் போவது உங்களுக்கு நட்டம். சூத்திரம் அதேதான் என்பதால், வீல்பேஸை மாற்ற முடியாத நிலையில் காரைத் தாழ்த்தி ஈர்ப்பு மையத்தைக் குறைப்பதே நேரடியான வழி. பின் ஸ்பிரிங்குகளைக் கடினமாக்கி, பின் ஷாக்கின் கம்ப்ரஷனையும் முன் ஷாக்கின் ரீபவுண்டையும் கூட்டுங்கள். வேகமான முன்சக்கர இயக்கக் கார்களின் பின்னால் நீளமான வீலி பார் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பின்பகுதி அமுங்காமல் தாங்கவும், பின்னோக்கி நீண்டு வீல்பேஸைக் கூட்டியது போன்ற பலனைத் தரவுமே அது.

கேள்வி: முன் ரீபவுண்டை இறுக்கிய நாளிலிருந்து சிவப்பு விளக்கு (பச்சைக்கு முன்பே புறப்பட்டதற்கான அடையாளம்) விழுகிறது. என் கால் அவ்வளவு வேகமாகிவிடவில்லை. ஷாக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, அதைக் கவனித்து எழுதியதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை மறைத்துக்கொண்டிருப்பது உங்கள் முன் டயர். அந்த டயர் கற்றையை விட்டு விலகிய கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கற்றை தரையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் செல்கிறது, டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்தில் டயரின் அகலம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். டயரின் முன்விளிம்பு கற்றையைத் தொட்டதும் நிறுத்தியிருந்தால், அவ்வளவு தூரம் உருண்ட பிறகுதான் கற்றை விடுபடும்.

ரீபவுண்ட் தளர்வாக இருந்தபோது மூக்கு மட்டும் எழும்பியது, டயர் தரையிலேயே உருண்டது. இப்போது ரீபவுண்ட் இறுகியதால் உடலோடு சேர்ந்து டயரும் எழும்புகிறது. ஒரு சென்டிமீட்டர் எழும்பினாலே கற்றை உயரத்தில் டயரின் அகலம் 25 சென்டிமீட்டராகச் சுருங்கி, பின்விளிம்பு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் முன்னதாகவே கற்றையைத் தாண்டிவிடும். ஒரு ஜி முடுக்கத்தில் அது நூறில் ஒரு பங்கு விநாடி. ஏற்கெனவே நூலிழையில் புறப்படுபவருக்குச் சிவப்பு விழ அதுவே போதும். புறப்படும் ஆர்பிஎம்மைச் சற்றுக் குறையுங்கள், அல்லது தாமதப் பெட்டி (புறப்பாட்டைக் குறித்த நேரம் தள்ளிப்போடும் மின்னணுக் கருவி) அனுமதிக்கப்பட்ட பிரிவில் ஓடுகிறீர்கள் என்றால் அதில் அந்த நூறில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஷாக்கைப் பழையபடி தளர்த்த வேண்டாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடிகாரம் முன்னதாகவே ஓடத் தொடங்குவதால், கார் உண்மையில் மெதுவாகாமலே 60 அடி நேரம் நூறில் ஒரு பங்கு கூடியதாக, ஓட்ட நேரங்கள் அச்சிட்ட சீட்டில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு நல்ல அமைப்பைக் கலைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். முன் ஷாக்கில் மாற்றம் செய்த நாளில், 60 அடியிலிருந்து 330 அடி வரை எடுத்துக்கொண்ட நேரத்தைச் சீட்டிலிருந்து கழித்துப் பார்த்து, பழைய ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். அந்த இடைவெளி குறைந்திருந்தால், 60 அடி எண் என்ன சொன்னாலும், கார் வேகமாகப் புறப்பட்டிருக்கிறது.